கூண்டுக்குள் மரத்தூள் வேண்டாம்: பறவைக் கடைச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எங்கள் வட்டாரப் பறவைக் கடை உரிமையாளர் சங்கத்தாருக்கு,

போன மாதத்திலிருந்து உங்கள் கடைகளில் கூண்டு வாங்குகிறவர்களுக்கெல்லாம், அடி ட்ரேயில் விரிக்க என்று ஒரு பாக்கெட் மரத்தூளையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். முதல் பாக்கெட் இலவசம், அடுத்ததிலிருந்து காசு. புதுக் கூண்டுகளில் ட்ரேக்கு மேலே இருக்க வேண்டிய கம்பித் தட்டு காணாமல் போயிருக்கிறது. கேட்டால், "அது தனி ஐட்டம் சார்" என்று பதில் வருகிறது. கடை வாசலில் ஒட்டியிருக்கும் தாளில், பேப்பர் விரிப்பது பழைய முறை, மரத்தூள்தான் சுகாதாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கம் கூடி எடுத்த முடிவு என்று கடைப் பையன்கள் சொல்கிறார்கள். அந்த முடிவைத் திரும்பப் பெறச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

நான் சென்னையில் ஒரு சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டில் காக்டெயில் என்கிற கொண்டைக் கிளி ஜோடி ஒன்றும், பட்ஜீஸ் என்கிற சின்னக் கிளிகளின் கூட்டம் ஒன்றும் உண்டு. நீங்கள் பாக்கெட்டில் போட்டு விற்கிற பொருள் எங்கிருந்து புறப்படுகிறது என்பது உங்களில் பலரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அது என் பட்டறை மாதிரியான இடங்களிலிருந்துதான் புறப்படுகிறது.

என் அப்பா காலத்தில் பட்டறைத் தூள் என்றால் மரத்தின் தூள். தேக்கு, வேங்கை, மா, வேம்பு என்று ஏதோ ஒன்று, எதுவானாலும் மரம். இன்று என்னிடம் வருகிற வேலையில் பெரும்பகுதி மாடுலர் கிச்சனும் வார்ட்ரோபும்தான். அறுப்பது ப்ளைவுட், எம்.டி.எஃப்., பார்டிகிள் போர்டு. இவையெல்லாம் பிசினால் ஒட்டிய பலகைகள். வீட்டுக்குள் போடும் சாதாரண ரகங்களில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின்தான் இருக்கும். புதுப் பலகையை அறுக்கும்போது கண் எரிவதும் தொண்டை கரகரப்பதும் அதனால்தான். கரையானும் வண்டும் வராமலிருக்க மருந்து ஏற்றிய ரகங்களும் இருக்கின்றன. ரப்பர் மரத்தை எடுத்துக்கொண்டால், சாமான் செய்ய வருவதில் பெரும்பாலும் போரான் உப்புக் கரைசல் ஏற்றியிருக்கும். துறைமுகத்திலிருந்து வரும் பைன் மரப் பேலட்டுகளையும் பெட்டிகளையும் பிரித்துச் சாமான் செய்கிற பட்டறைகள் நகரம் முழுக்க உண்டு. அந்த மரத்தில் குத்தியிருக்கிற முத்திரையைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தில் பூச்சியைக் கொன்றது, எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு வாயுவில் கொன்றது. அறுத்துத் தூளாக்கிய பிறகு எது எந்த முத்திரைப் பலகையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் தெருப் பட்டறைகளில் தூள் மூட்டை எடுக்க ஒரு பையன் வருவான். முன்பெல்லாம் அது செங்கல் சூளைக்கும் பாய்லருக்கும் போகும். இப்போது ஒரு பங்கு "பேர்ட்ஸ் கடைக்கு" போகிறது என்று அவனே சொன்னான். "இது ப்ளைவுட் தூள் தம்பி, பசை கலந்தது" என்றேன். "தூள் தூள்தானே அண்ணே, சலிச்சுதான் பாக்கெட் போடுறாங்க" என்றான். அன்றிலிருந்து என் பட்டறையில் ப்ளைவுட் தூளைத் தனியாகக் கட்டி, மூட்டை மேல் 'பாய்லருக்கு மட்டும்' என்று மார்க்கரில் எழுதிக் கொடுக்கிறேன். மற்ற பட்டறைகளில் யார் எழுதப்போகிறார்கள்? எழுதினாலும் பாக்கெட் போடும் இடத்தில் யார் படிக்கப்போகிறார்கள்?

அவன் பேச்சை மட்டும் நம்பி நான் இதை எழுதவில்லை. உங்கள் சங்கத்துக் கடைகளிலிருந்து வாங்கிய பாக்கெட்டுகளைப் பட்டறை மேசையில் வெள்ளைத் தாள் விரித்துக் கொட்டிப் பார்த்தேன். தச்சன் கண்ணுக்குத் தூளில் ஒளிய இடம் கிடையாது. ரம்பத்தூள் கரடுமுரடாக இருக்கும், இழைப்புச் சீவல் சுருளாக இருக்கும், எம்.டி.எஃப். தூள் மட்டும் மைதா மாதிரி ஒரே சீராக விரலில் ஒட்டும். உங்கள் பாக்கெட்டில் மூன்றும் கலந்திருந்தன. ஊடே நீல நிறத்தில் சன்மைக்காத் துணுக்குகள். எந்த மரம் நீலமாகக் காய்க்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை உள்ளே விட்டுத் துழாவியதில் ஏர் கன்னில் அடிக்கிற பின் ஆணிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. அவை துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு பூசியவை. கிளி இனப் பறவை பளபளப்பான எதையும் அலகால் கடித்துப் பார்க்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் அது பறவைக்கு விஷம். பாக்கெட் மேல் என்ன எழுதியிருந்தது? ஒரு கிளிப் படம், 'நேச்சுரல்' என்ற சொல், விலை. மரத்தின் பெயர் இல்லை, பாக்கெட் போட்டவர் முகவரி இல்லை, மாதம் வருடம் இல்லை.

சரி, பசையும் ஆணியும் இல்லாத சுத்தமான மரத்தூள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கூண்டின் அடியில் அதற்கு வேலை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-ல் மரத்தூளையும், 2004-ல் ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகையில் வைத்தது. அது வருடக்கணக்கில் தூளைச் சுவாசிக்கும் என் போன்றவர்களைப் பற்றிய முடிவு, பறவைகளைப் பற்றியது அல்ல. அதைக் காட்டி யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் தேக்குத் தூள் பட்டால் அரிப்பெடுக்கும் கைகளும், ஈட்டி மரம் இழைத்த நாளில் விடாமல் தும்முகிற மூக்கும் எங்கள் தொழிலில் சாதாரணம். நாங்கள் முகத்தில் துணி கட்டிக்கொள்கிறோம், வேலை முடிந்தால் குளிக்கிறோம், வீட்டுக்குப் போகிறோம். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள பட்ஜி, அதே தூளுக்கு ஒரு சாண் மேலே இரவும் பகலும் உட்கார்ந்திருக்கிறது. சிறகடிக்கும் ஒவ்வொரு தடவையும் தானே தூளைக் கிளப்பித் தானே சுவாசிக்கிறது.

பறவையின் மூச்சு நம் மூச்சு மாதிரி இல்லை. நமக்கு உள்ளே போன காற்று போன வழியே திரும்பி வருகிறது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நுரையீரல் விரிந்து சுருங்குவதில்லை. அதோடு சேர்ந்த காற்றுப் பைகள்தான் துருத்தி வேலை செய்கின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு அப்படி ஒன்பது பைகள். இழுத்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போய், பிறகு நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடுகிறது. பறப்பதற்கு வேண்டிய ஆக்சிஜனை உறிஞ்ச இதைவிட நல்ல அமைப்பு இல்லை. கெட்டதையும் அது அதே திறமையோடு உறிஞ்சும். காற்றுப் பைகளின் சுவரில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அங்கே ஒரு தொற்று குடியேறிவிட்டால் உடம்பின் எதிர்ப்பும் எளிதில் போய்ச் சேராது, கொடுக்கிற மருந்தும் எளிதில் போய்ச் சேராது.

அங்கே குடியேறக் காத்திருப்பது அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. அதன் வித்துகள் இரண்டு மூன்று மைக்ரான் அளவு. காற்றில் எங்கும் உண்டு, என் பட்டறையிலும் உண்டு, உங்கள் கடையிலும் உண்டு. நல்ல ஆரோக்கியமான பறவை கொஞ்சம் வித்துகளைச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் ஈரமான மரத்தூள், சோளத்தக்கை, தேங்காய் நார்த்தூள், கடலைத் தொலி போன்றவை கிடைத்தால் அந்தப் பூஞ்சை அங்கேயே வளர்ந்து கோடிக்கணக்கில் வித்து தள்ளும். கூண்டு ட்ரேயில் ஈரத்துக்குப் பஞ்சமா? எச்சம் இருக்கிறது, தண்ணீர்க் கிண்ணத்தில் குளிக்கிற காக்டெயில் இருக்கிறது, கீழே சிந்திய கீரையும் ஊறவைத்த தானியமும் இருக்கின்றன. ஐப்பசி கார்த்திகை மழையில் துவைத்த துணியே இரண்டு நாள் காயாத ஊர் இது. மரத்தூளின் குணம் என்னவென்றால் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மேலே காய்ந்த முகம் காட்டும். பார்க்கிறவர் ட்ரே சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

என் அக்கா மகள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. கூண்டு, தூள், தீனி எல்லாம் உங்கள் சங்கத்துக் கடை ஒன்றில் வாங்கியவை. "வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும், இது வாசம் வராது" என்று கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தக் காக்டெயில் விசிலடிப்பதை நிறுத்தியது. குரல் மாறிவிட்டது என்று அவள் போனில் சொன்னபோது, வளர்ந்துவிட்டது போலும் என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்க ஆரம்பித்தது. பறவை பார்க்கிற டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பறவையைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டார். கூண்டுக்கு அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? எச்சம் எந்த நிறத்தில் இருக்கிறது? முதல் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. தூளில் விழுந்த எச்சத்துக்கு ஏது நிறம்?

எக்ஸ்ரேயில் காற்றுப் பை மங்கலாகத் தெரிந்தது. பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். உயிரோடிருக்கும் பறவையில் நூறு சதவீதம் உறுதி செய்வது கடினம் என்றும் சொன்னார். ஆவி பிடிக்கிற மாதிரி மருந்துப் புகை, வாய்வழி மருந்து, மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தார்கள். பறவை அவ்வளவு நாள் தாங்கவில்லை. மரத்தூள்தான் கொன்றது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ட்ரேயின் மேல்தூளை நான் ஒதுக்கிப் பார்த்தபோது அடியில் சாம்பல் பச்சை நிறத்தில் பூத்திருந்ததைச் சொல்கிறேன். பேப்பர் விரித்துத் தினமும் மாற்றியிருந்தால் அது பூத்திருக்க நேரமே இருந்திருக்காது.

எச்சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வாசல் தாளில் 'எச்சம் கண்ணுக்குத் தெரியாது' என்பதைப் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். பறவை தன் நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து தெரிந்த பறவை இரையாகிவிடும் என்பதால் கடைசி நிமிடம்வரை நன்றாக இருப்பதுபோல நடிக்கும். அது எளிதில் மறைக்க முடியாத விஷயம் எச்சம். நல்ல எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும்: பச்சையோ பழுப்போ திரித்ததுபோல் மலம், சுண்ணாம்பு வெள்ளையாக யூரேட் என்ற சிறுநீர் உப்பு, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலைப் பார்க்க வேண்டும். நீர் வட்டம் பெரிதானால் சிறுநீரகமோ, அதிகம் தண்ணீர் குடிப்பதோ. கறுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். முழுத் தானியம் அப்படியே விழுந்தால் செரிமானம் கெட்டிருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் பறவை சாப்பிடவில்லை, உமியை மட்டும் உதிர்த்துவிட்டுச் சாப்பிட்டதுபோல் நடித்திருக்கிறது. காலையில் காப்பி குடித்துக்கொண்டே ட்ரேயை உருவிப் பார்த்தால் இவ்வளவும் தெரியும், வெள்ளைத் தாளாக இருந்தால். இதைத்தான் நீங்கள் மூடி மறைத்து, மறைத்ததற்குக் காசும் வாங்குகிறீர்கள்.

உங்கள் பக்கத்து வாதங்களையும் கேட்டேன். கோழிப் பண்ணைக்காரர்கள் உமியும் மரத்தூளும்தானே போடுகிறார்கள் என்றார் உங்களில் ஒருவர். கறிக்கோழிக்கு ஆழ்கூளம் போடுகிறார்கள், உண்மைதான். அந்தக் கோழியின் ஆயுள் ஏறத்தாழ ஆறு வாரம். கூளத்தைக் கிளறிவிட ஆள் இருக்கிறது, ஒரு தொகுதி போனதும் கொட்டகையே காலியாகிக் கழுவப்படுகிறது. உங்களிடம் வாங்குகிற காக்டெயில் ஒழுங்காக வளர்த்தால் பதினைந்து இருபது வருடம் இருக்கும். அதுவும் போக, பூஞ்சை பிடித்த கூளத்தால் குஞ்சுகளுக்கு வரும் நுரையீரல் நோய்க்குப் புரூடர் நிமோனியா என்று பெயர் வைத்தே கோழிக்காரர்கள் பயப்படுகிறார்கள். நாமக்கல் முட்டைக் கோழிகளைப் போய்ப் பாருங்கள்: கம்பிக் கூண்டில் நிற்கின்றன, எச்சம் கம்பி இடுக்கு வழியே கீழே விழுகிறது, காலடியில் கூளமே கிடையாது. ஒரு கோழியை இத்தனை சின்னக் கூண்டில் வைப்பது சரியா என்பது வேறு சண்டை. எச்சத்திலிருந்து கோழியைப் பிரித்து வைக்கத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு. நீங்களோ இருந்த கம்பித் தட்டையும் கழற்றிவிட்டீர்கள்.

இன்னொருவர் செய்தித்தாள் மை விஷம் என்றார், போனில் ஆதாரமும் காட்டினார். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரை அது. செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக் கூடாது, மையில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம் என்று சொன்னது. நல்ல அறிவுரை, நானும் இப்போது பஜ்ஜிக்கு இலை கேட்கிறேன். ஆனால் அது உணவைத் தாளில் வைத்துத் தின்பதைப் பற்றியது. கம்பித் தட்டுக்கு நான்கு விரற்கடை கீழே கிடக்கிற தாளைப் பறவை தின்பதில்லை, தட்டை நீங்கள் விட்டுவைத்தால். தாளைக் கிழிப்பதே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் மாதிரிப் பறவைகளுக்கு, நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பழுப்புத் தாளையோ அச்சடிக்காத வெள்ளைத் தாளையோ போடலாம். அச்சகங்களில் ரோல் முடிவில் மிஞ்சும் வெறும் தாளை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் சங்கம் நினைத்தால் மொத்தமாக வாங்கிக் கூண்டு அளவுக்கு வெட்டிக் கட்டுக் கட்டாக விற்கலாம். அதில் லாபம் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வழவழப்பான வண்ண இணைப்புகள் மட்டும் வேண்டாம். ஈரத்தை உறிஞ்சாது, எச்சம் மேலேயே வழியும்.

வாசம் வராது என்பது மூன்றாவது வாதம். வாசம் வருவது நல்லது. எப்போது மாற்ற வேண்டும் என்று மூக்கு சொல்கிறது. அதை அமுக்குவதற்காக மல்லிகை வாசனைத் தூள் என்று ஒரு ரகமும் வைத்திருக்கிறீர்கள். வாசனைப் பொருள் எதுவும் பறவையின் மூச்சுக்கு ஆகாது. ஒரு கடையில் ட்ரே மூலையில் அந்துருண்டை போட்டிருந்ததையும் பார்த்தேன், எறும்பு வராமலிருக்கவாம். நாஃப்தலீன் ஆவி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் விஷம். எறும்புக்குக் கூண்டின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவுக்குச் செய்கிற அதே வைத்தியம்.

மரத்தூளை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்து வைத்துவிடுவீர்களோ என்ற பயமும் இருக்கிறது. பூனைக்கான கட்டியாகும் களிமண் மணல், ஈரம் பட்டால் ஊதிப் பெருகும் பென்டோனைட். பறவை அதை விழுங்கினால் உள்ளேயும் பெருகும், அதன் தூசியும் தனித் தொல்லை. உடைத்த சோளத்தக்கையும் வால்நட் ஓட்டுத் துகளும் பார்க்க அழகு, விழுங்கினால் அடைப்பு, நனைந்தால் பூஞ்சை. கடலைத் தொலி பற்றி ஒரு பழைய கதை உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தன. காரணம் தீனியில் இருந்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரிய வந்ததே அப்படித்தான். அது தீனி, இது விரிப்பு என்று நீங்கள் சொல்லலாம். கூண்டுத் தரையில் கிடப்பதைப் பறவை கொறித்துப் பார்க்காது என்று உத்தரவாதம் தருவீர்களா? ஆற்று மணலைப் பற்றியும் கேட்கிறார்கள். புறா தானியத்தை முழுதாக விழுங்குவதால் அதற்குக் கல் வேண்டும். பட்ஜியும் காக்டெயிலும் உமியை உரித்துவிட்டுத்தான் தின்கின்றன, அவற்றுக்கு மணல் தேவையே இல்லை.

மரச் சீவலுக்கு ஓர் இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன், இல்லையென்றால் இனப்பெருக்கம் செய்கிற நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். காக்டெயில் முட்டையிடும் பெட்டியில் வெறும் பலகை இருந்தால் குஞ்சின் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துவிடும். அதற்குத் தூசி சலித்த, மருந்தோ பசையோ படாத, நன்றாகக் காய்ந்த சீவல் வேண்டும். அது இழைப்புளியில் வருகிற சுருள், ரம்பத்தில் வருகிற தூள் அல்ல. பட்ஜிக்குப் பானையே போதும். ஜோடி சேர்க்காத வீட்டுப் பறவைக்கு இது எதுவும் வேண்டாம். ஆழமாக விரிப்பைக் கொட்டி வைத்தால் பெட்டை அதைக் கூடு என்று எடுத்துக்கொண்டு ஆண் இல்லாமலேயே முட்டை மேல் முட்டையாக இட ஆரம்பிக்கும். உடம்புச் சுண்ணாம்பெல்லாம் ஓட்டுக்கே போய், கடைசியில் முட்டை அடைத்துச் சாகவும் கூடும். இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வளர்க்கிற மனிதர்களும் இதில் இருக்கிறார்கள். காய்ந்த எச்சம் தூளோடு பொடியாகி வீட்டுக் காற்றில் கலக்கிறது. கிளிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் சிட்டகோசிஸ் கிருமி பரவுவதும், பறவை வளர்ப்பவர்களுக்கு வரும் நுரையீரல் ஒவ்வாமையும் பெரும்பாலும் இந்த வழியில்தான். ஹாலில் கூண்டும் பக்கத்தில் கட்டிலும் இருக்கிற இரண்டு அறை வீடுகளுக்குத்தான் நீங்கள் அதிகம் விற்கிறீர்கள். தாள் என்றால் மடித்துக் குப்பையில் போட்டுவிடலாம், தூசி எழாது.

சட்டம் பேசுவது என் வழக்கமில்லை, ஆனால் பேச வேண்டியிருக்கிறது. செல்லப் பிராணிக் கடைகளுக்கென்று ஒன்றிய அரசு 2018-ல் விதிகள் கொண்டுவந்தது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. உங்களில் சிலர் அந்தச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள்படி, அடைத்து விற்கும் பாக்கெட்டில் தயாரித்தவர் அல்லது பாக்கெட் போட்டவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, மாதம், வருடம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் மரத்தூள் பாக்கெட்டில் இவற்றில் விலை ஒன்றுதான் இருக்கிறது. நான் இன்னும் எங்கும் புகார் கொடுக்கவில்லை. முதலில் உங்களிடம் கேட்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

நான் கேட்பவை இவை.

கூண்டோடு மரத்தூளைச் சேர்த்துக் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள், வாசலில் ஒட்டிய தாளைக் கிழியுங்கள். ஏற்கெனவே வாங்கிப் போனவர்கள் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் காசைக் கொடுங்கள். திரும்பி வந்ததை மறுபடி பாக்கெட் போடாமல் பாய்லருக்கு அனுப்புங்கள்.

கம்பித் தட்டு கூண்டின் ஒரு பாகம். அதைக் கூண்டு விலைக்குள்ளேயே கொடுங்கள். போன மாதத்திலிருந்து தட்டில்லாமல் வாங்கியவர்களுக்குக் கூப்பிட்டுக் கொடுங்கள். எல்லோருடைய போன் நம்பரும் உங்கள் பில் புத்தகத்தில் இருக்கிறது.

இனப்பெருக்கப் பெட்டிக்குச் சீவல் விற்கத்தான் வேண்டும் என்றால், எந்த மரம், எந்த மில், மருந்து ஏற்றியதா இல்லையா, எந்த மாதம் அடைத்தது என்று பாக்கெட்டில் தமிழில் அச்சிடுங்கள். பட்டறைக் கலப்புத் தூளை எந்தப் பெயரிலும் வாங்காதீர்கள். நல்ல சீவலை அடையாளம் காண உங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டுமானால் என் பட்டறைக்கு அனுப்புங்கள், ஒரு பைசா வாங்காமல் சொல்லித்தருகிறேன்.

பூனை மணல், வால்நட் ஓடு, சோளத்தக்கை, வாசனைத் தூள் ஆகியவற்றைப் பறவைத் தீனி அலமாரியில் வைக்காதீர்கள், இருந்தால் எடுங்கள். அந்துருண்டையைக் கடையிலிருந்தே எடுங்கள்.

உங்கள் கடைக் கூண்டுகளில் முதலில் தாள் விரியுங்கள், தினமும் மாற்றுங்கள். பறவையை விற்கும்போது எச்சத்தை எப்படிப் பார்ப்பது, எந்த மாற்றம் வந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று அரைப்பக்கத் துண்டறிக்கை ஒன்றைக் கையில் கொடுங்கள். எழுதித் தர ஒரு கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

இதைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வைத்து, எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். பொங்கலுக்குள் பதில் வராவிட்டால், கொட்டிப் பார்த்த பாக்கெட்டுகளையும் ஆணிகளையும் பில்களையும் எடுத்துக்கொண்டு எடையளவுத் துறைக்கும் விலங்குகள் நல வாரியத்துக்கும் போவேன். அவற்றைத் தனித்தனிக் கவரில் போட்டுக் கடை பெயரும் தேதியும் எழுதிப் பட்டறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் எடுத்து வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் பல வருடமாகத் தினை வாங்கும் ஒரு தச்சன்